பெயின்ட் அடித்தால் மட்டும் இன்ஜின் பிழைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரயில் நிலைய வாசல்களிலும், ரயில்வே அலுவலக வளாகங்களிலும், பூங்காக்களிலும் பீடம் கட்டி நிறுத்தி வைத்திருக்கும் பழைய நீராவி இன்ஜின்களைப் பற்றிய கடிதம் இது. பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருகிறார், விழா நடக்கப்போகிறது என்றால் அவசர அவசரமாக இந்த இன்ஜின்களுக்குப் பெயின்ட் பூசுகிறார்கள். துருவின் மேலேயே பூச்சு, எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே பூச்சு. மறுநாள் படம் எடுக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடாமல் நிற்கும் இன்ஜினை அழிப்பது உள்ளே புகுந்து, வெளியேற வழியில்லாமல் தேங்கும் தண்ணீர். எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் அந்தத் தண்ணீரைத் தொட முடியாது. சொல்லப்போனால், வடிகால் துளைகளைப் பெயின்டே அடைத்துவிடுவதால் நிலைமை மோசமாகிறது.

மதுரைக்கு மீட்டர் கேஜ் பாதை (இரு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி உள்ளது) 1875-ல் வந்தது. அடுத்த ஆண்டு தூத்துக்குடி, 1902-ல் மண்டபம், 1914-ல் பாம்பன் பாலம், 1928-ல் போடி என்று கிளை விரிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த மீட்டர் கேஜ் இன்ஜின்களில் பயணிகள் வண்டிக்கு ஒய்.பி., சரக்கு வண்டிக்கு ஒய்.ஜி. என்பவையே முக்கிய ரகங்கள். போடிப் பாதை 2010 முடிவில் மூடப்பட்டு, அகலப் பாதையாகி, 2022-ல் தேனி வரையும் 2023-ல் போடி வரையும் திறக்கப்பட்டது. இன்றைக்குத் தெற்கு ரயில்வேயில் மீட்டர் கேஜ் என்று மிஞ்சியிருப்பது நீலகிரி மலை ரயில் மட்டுமே. ஆகவே பீடத்தில் நிற்பதுதான் நம்மிடம் இருக்கும் கையிருப்பு. ஒன்று அரித்துப்போனால் இன்னொன்று வராது.

முதலில் பார்க்க வேண்டிய இடம் ஸ்மோக் பாக்ஸ். இன்ஜினின் முகப்பில் வட்டக் கதவு இருக்கிறதே, அதன் உள்ளறை. புகைபோக்கி அதன் உச்சியில் திறந்தே இருக்கிறது. பெய்யும் மழை நேராக உள்ளே இறங்குகிறது. அறையின் அடியில் கடைசியாக ஓடிய நாளின் சாம்பலும் கரித்தூளும் அப்படியே கிடக்கும். கரியில் கந்தகம் உண்டு. ஈரம் பட்டதும் அந்தச் சாம்பல் அமிலமாகிவிடும். அடித்தகட்டில் ஊறி, கீழ்வரிசைக் குழாய்களின் வாய்ப்புறம் வரை தின்றுகொண்டே போகும். கதவைத் திறந்து உளியால் தட்டினால் மேல்புறம் கெட்டி இரும்பின் 'ணங்' ஒலி வரும். அடியில் தட்டினால் 'டொப்' என்று மந்தமான சத்தம், உளியோடு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதே இடம் புதுப் பெயின்டில் மின்னும்.

இதற்கான வேலை ஒரு நாள் வேலை. சாம்பலை முழுக்கச் சுரண்டி எடுத்து, சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். அடித்தகட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில் பழைய வடிகால் துளை இருந்தால் குத்தித் திறக்க வேண்டும். இல்லையென்றால் 12 மி.மீ. துளை ஒன்று போதும். புகைபோக்கிக்கு மேல் தகட்டு மூடி போட வேண்டும். மூடியை இறுக்கி வைக்கக் கூடாது. இரண்டு விரல் இடைவெளி விட்டு, கம்பி வலை கட்டினால் காற்று போகும். மழையும் புறாவும் போகாது. வடகிழக்குப் பருவமழைதான் நம் ஊருக்குக் கனமழை. புரட்டாசி பிறப்பதற்குள் இதை முடித்துவிட்டால் ஐப்பசி அடைமழையைச் சமாளித்துவிடலாம். தை மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும்.

அடுத்தது பாய்லர். இதில் இரண்டு வழிகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். இனி ஒருபோதும் நீராவி ஏற்றப்போவதில்லை என்றால், அடியிலுள்ள வாஷ் அவுட் பிளக்குகளை (பாய்லரைக் கழுவுவதற்கான துளைகளின் மூடிகளை) கழற்றிவிட வேண்டும். பகல் சூட்டுக்கும் இரவுக் குளிர்ச்சிக்கும் இடையில் உள்ளே வியர்க்கும் தண்ணீர் அதன் வழியே வடிந்துவிடும். துளைகளில் வலை கட்டாவிட்டால் குளவி கூடு கட்டி அடைத்துவிடும். என்றாவது ஓட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் வழி நேர் எதிர். உள்ளே கழுவி, லேசாகச் சூடேற்றி உலர்த்தி, தட்டுகளில் சிலிக்கா ஜெல்லையோ சுட்ட சுண்ணாம்பையோ வைத்து, எல்லா வாயையும் காற்றுப் புகாமல் மூட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். பாதி திறந்து, பாதி மூடி, உள்ளே ஒரு சாண் தண்ணீரோடு விடுவதுதான் எல்லாவற்றிலும் கேடு. பெரும்பாலான பீட இன்ஜின்களுக்கு நேர்வது இதுவே.

பாய்லரைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் மெல்லிய தகட்டுக்கும் பாய்லருக்கும் நடுவே சூடு காக்கும் பஞ்சு அடைத்திருப்பார்கள். தகட்டின் மூட்டுகளில் மழை இறங்கினால் அந்தப் பஞ்சு வருடக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே பாய்லர் தகடு அரிப்பது வெளியே தெரியவே தெரியாது. போர்வைத் தகட்டின் அடிப்பக்கம் உப்பிக்கொண்டு நின்றால், திருகாணிகளின் ஓரம் செம்மண் நிறத்தில் கோடு வழிந்தால், உள்ளே ஈரம் நிற்கிறது என்று அர்த்தம். ஆர்வத்தில் யாரும் தகட்டைக் கழற்றிவிடக் கூடாது. பழைய இன்ஜின்களில் அந்தப் பஞ்சு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலர்ந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. அது உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளோடு, பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. அதுவரை மூட்டுகளை மேலிருந்து மழை புகாதபடி அடைத்து, அடிவயிற்றில் வடிய வழி விட்டால் போதும்.

இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் வண்டியான டெண்டரைச் சொல்லவே வேண்டாம். கரி கொட்டும் தொட்டியில் வேப்பிலையும் அரசிலையும் விழுந்து மக்கி, எருக்குழிபோல ஆகிவிடுகிறது. அரசங்கன்று முளைத்த டெண்டர்களும் உண்டு. வேர் தகட்டு மூட்டுகளில் இறங்குவதற்குள் பிடுங்கிவிட வேண்டும். குப்பையை அள்ளி, அடியில் துளை திறந்து, தண்ணீர்த் தொட்டியின் மேல்மூடியைச் சரிசெய்தால் அந்த வேலை முடிந்தது.

சக்கரங்களின் அச்சு உட்காரும் ஆக்சில் பாக்ஸ்களில் ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணெய் வற்றிவிட்டதென்று மேலிருந்து புது எண்ணெய் ஊற்றுகிறார்கள். உள்ளே மழைத்தண்ணீர் இருந்தால் எண்ணெய் அதன் மேல் மிதக்கும்; தண்ணீர் அடியிலேயே நின்று அரிக்கும். முதலில் அடித்தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு உள்ளிருக்கும் கம்பளிப் பேடை எடுத்துப் பிழிந்து உலர்த்தி, எண்ணெயில் ஊறவைத்துத் திரும்ப வைக்க வேண்டும். அதன் பிறகுதான் புது எண்ணெய்.

கனெக்டிங் ராடு, கப்ளிங் ராடு, கிராஸ்ஹெட், பிஸ்டன் ராடு ஆகிய நகரும் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். இவை வேலைக்காலத்தில் எண்ணெய் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்த பாகங்கள். வெள்ளி நிறப் பெயின்ட் அடித்தால் தூரத்துக்குப் பளபளப்பாகத் தெரியும். பெயின்டுக்கும் இரும்புக்கும் நடுவே ஈரம் புகுந்ததும் குழிகுழியாக அரிக்கும். பெயின்ட் ரிமூவர் போட்டு எடுத்து, மண்ணெண்ணெயும் காட்டன் வேஸ்ட்டும் கொண்டு துடைத்து, கால்சியம் கிரீஸ் பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கும். சோடியம் கிரீஸ் வேண்டாம். தண்ணீர் பட்டால் கரைந்து போகும். கடையில் கேட்கும்போது தெளிவாகச் சொல்லி வாங்க வேண்டும், ஏனென்றால் டப்பாவில் 'கிரீஸ்' என்றுதான் இருக்கும். கிரீஸில் தூசி ஒட்டும், தொட்டுப் பார்க்கும் பிள்ளைகளின் சட்டை கறையாகும் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். கைக்கெட்டும் தூரத்தில் தாழ்வான கம்பி வேலி போட்டுவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும்.

கிரைண்டர் தட்டைக் கொண்டு துருவை எடுப்பது இன்னொரு கொடுமை. ஒவ்வொரு ராடிலும் வால்வு கியர் பாகத்திலும் இன்ஜின் எண் சின்ன எழுத்தில் குத்தப்பட்டிருக்கும். பட்டறையில் பழுது பார்க்கும்போது ஓர் இன்ஜினின் ராடு இன்னொன்றுக்கு மாறுவது சகஜம். கேபின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண் ஒன்று, ராடில் குத்தியிருக்கும் எண் வேறு என்று இருந்தால் அதுவே அந்த இன்ஜினின் வரலாறு. கிரைண்டர் ஒரு நிமிடத்தில் அதை வழித்து எறிந்துவிடும். மணல் பீய்ச்சித் துரு எடுப்பதும் கூடாது. மணல் பேரிங்குகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் எடுக்கவே முடியாது. வேலை தொடங்கும் முன் எல்லா எண்களையும் சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுத்து, எந்தப் பாகத்தில் எந்த எண் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும்.

பெயின்டே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முறையாக அடிக்க வேண்டும். பழைய பூச்சில் ஈயச் செந்தூரம் கலந்திருக்கும் என்பதால் உலரச் சுரண்டாமல் நனைத்துச் சுரண்ட வேண்டும், முகக்கவசம் கட்டாயம். தளர்ந்த துருவைச் சிப்பிங் சுத்தியாலும் கம்பி பிரஷ்ஷாலும் எடுத்து, ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசி, காய்ந்த பின் ரெட் ஆக்சைடோ ஜிங்க் பாஸ்பேட்டோ பிரைமர் இரண்டு கோட், அதன் மேல் எனாமல் இரண்டு கோட். ஒரு லிட்டர் பிரைமர் வழுவழுப்பான தகட்டில் ஒரு கோட்டுக்கு 8 முதல் 10 சதுர மீட்டர் வரும். குழி விழுந்த பழைய இரும்பில் அதற்கும் குறைவாகத்தான் வரும் என்று கணக்குப் போட்டு வாங்க வேண்டும். மதுரை வெயிலில் நண்பகல் இரும்பு கை வைக்க முடியாதபடி கொதிக்கும். அந்தச் சூட்டில் அடித்தால் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். மார்கழி விடியலில் அடித்தால் பனி ஈரம் அடியில் மாட்டிக்கொள்ளும். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் அடிப்பதே சரி. மண்டபம், ராமேசுவரம் பக்கத்து உப்புக்காற்றில் நிற்கும் எதையும் முதலில் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைக்காமல் பிரஷ்ஷைத் தொடக் கூடாது. உப்பின் மேல் பூசிய பெயின்ட் ஆறு மாதம் தாங்காது. நிறத்தைப் பொறுத்தவரை, பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று கோயில் தேர்போலத் தீட்டுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. வேலையில் இருந்த ஒய்.பி., ஒய்.ஜி. இன்ஜின்கள் பெரும்பாலும் கறுப்பு. பழைய படம் பார்த்து அடித்தால் செலவும் குறைவு.

திருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். விசில், பிரஷர் கேஜ், இன்ஜெக்டர் (ஆவியின் விசையால் பாய்லருக்குத் தண்ணீர் செலுத்தும் கருவி), தயாரிப்பாளர் பெயர்த்தகடு ஆகியவை பித்தளை அல்லது கன்மெட்டல் என்ற வெண்கல வகை. பீட இன்ஜின்களில் முதலில் காணாமல் போவது இவைதான். கழற்றி, எந்த இடத்தில் இருந்தது என்று அட்டை கட்டி, அருங்காட்சியகத்திலோ அலுவலகப் பூட்டறையிலோ வைத்துவிட்டு, வெளியே மரத்திலோ தகட்டிலோ செய்த போலியை மாட்டுவது நல்லது. ஆர்வலர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பழைய இரும்புக்கடையில் ரயில்வே பெயர்த்தகடு கிடைக்கிறதே என்று வாங்கி வீட்டில் மாட்டினால், 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டத்தில் மாட்டிக்கொள்ள நேரிடும். ரயில்வே தன் கழிவை ஏலத்தில் விற்கிறது. அந்த ஏலத்திலிருந்து வந்த பொருள் என்பதற்கு ரசீது இருந்தால்தான் வாங்க வேண்டும். அதேபோல, படம் எடுக்கிறேன் என்று அனுமதியில்லாமல் தண்டவாளத்தில் இறங்குவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே உண்டு.

இதை எல்லாம் படித்துவிட்டு, 'திரும்பவும் ஓட்டிவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. ஆசை எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் பல பத்தாண்டுகள் திறக்காத பாய்லரில் யாரும் நெருப்புப் போடக் கூடாது. ஒய்.பி. பாய்லரின் வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. அந்த அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் இருக்கும். எங்கேயாவது தகடு விட்டுக்கொடுத்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி ஒரே கணத்தில் ஆவியாகும். பாய்லர் வெடிப்பு என்பது இதுதான். கரி எரியும் அறையான பயர் பாக்ஸின் கூரையில் இருக்கும் லெட் பிளக் (ஈய அடைப்பு) இதற்கான கடைசிக் காவல். ஈயம் 327 டிகிரியில் உருகும். கூரைமேல் தண்ணீர் நிற்கும்வரை அது அவ்வளவு சூடாகாது. தண்ணீர் இறங்கினால் உருகி, ஆவியை நெருப்பின் மேல் பாய்ச்சி எச்சரிக்கும். பழைய பிளக்கில் உப்புப் படிவு மூடியிருந்தால் உருகியும் பயனில்லை.

ஓட்டுவதென்று முடிவானால் குழாய்கள் அனைத்தையும் பிடுங்கிவிட்டு உள்ளே ஆள் இறங்கிப் பார்க்க வேண்டும். அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் கனத்தைக் கட்டம் கட்டி அளக்கலாம். பாய்லரின் அடிவயிறு, வாஷ் அவுட் துளைகளைச் சுற்றி, பயர் பாக்ஸின் அடிவளையத்தின் ஓரம் ஆகியவை முதலில் மெலியும் இடங்கள். அந்தக் கருவி மூட்டோரத்தில் விழும் குறுகிய பள்ளத்தையோ, முறிந்த ஸ்டேயையோ காட்டாது. ஸ்டே என்பது உள்தகட்டையும் வெளித்தகட்டையும் இழுத்துப் பிடிக்கும் கம்பி, நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றையும் சுத்தியால் தட்டிக் கேட்க வேண்டும். அதன் முனையில் மெல்லிய துளை போட்டிருப்பதே முறிந்தால் அதன் வழியே நீர் கசிந்து காட்டிக்கொடுப்பதற்குத்தான். பெயின்ட் அடிப்பவர் அந்தத் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டால் சொல்லவேண்டியதைச் சொல்ல அதற்கு வாயில்லை. பிறகு தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு வரை அழுத்திப் பார்க்கும் சோதனை. இதை அழுத்தக் காற்றில் செய்யவே கூடாது. தண்ணீர் சுருங்காது, அதனால் விரிசல் விட்டால் பீய்ச்சிவிட்டு அடங்கும், காற்று வெடிக்கும். இத்தனையும் தாண்டினாலும் ஓட்ட மீட்டர் கேஜ் பாதை இங்கே இல்லை என்பதைப் பார்க்கும்போது, மதுரையில் நிற்கும் இன்ஜினை நன்றாக நிற்க வைப்பதே முதல் வேலை.

சக்கரம் சுற்றுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு நடுவழி இருக்கிறது. ஓட்டுசக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி, பாய்லரைத் துண்டித்துவிட்டு, சிலிண்டருக்கு மட்டும் மூன்று, நான்கு கிலோ அழுத்தத்தில் காற்றுக் கொடுத்தால் ராடுகள் மெதுவாகச் சுழலும். எடுத்த எடுப்பில் காற்றைத் திறந்துவிடக் கூடாது. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். டீசலும் எண்ணெயும் கலந்து உள்ளே விட்டு, ஒரு வாரமாவது ஊறவிட்டு, வின்ச் வைத்துக் கையால் அங்குலம் அங்குலமாக நகர்த்தி, தடையில்லாமல் ஒரு சுற்று வந்த பிறகே காற்று. அவசரப்பட்டால் ரிங் முறிந்து சிலிண்டர் சுவரைக் கீறும்.

நெருப்பும் ஆவியுமாக உண்மையான ஓட்டத்தைப் பார்க்க மேட்டுப்பாளையம் போக வேண்டும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை, நடுவே பல்வரிசை பதித்த பற்சக்கரப் பாதை. 12 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் ஏற்றம். இங்கே ஓடும் எக்ஸ் ரக இன்ஜின்களுக்குப் பூர்வீகம் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர். திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் புதிய எக்ஸ் இன்ஜின்களையே கட்டித் தந்திருக்கிறது. 2021-ல் வந்தது கரியில் ஓடுவது. 1855-ல் செய்த ஃபேரி குயின் என்ற நீராவி இன்ஜினை 1997-ல் ஓடவைத்ததும் சென்னை பெரம்பூர்ப் பணிமனைதான். தமிழ்நாட்டில் கைத்திறன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இன்ஜின் வண்டியின் முன்னால் இருக்காது, கீழ்ப்புறத்திலிருந்து தள்ளும். ஆகவே இன்ஜினைக் கேட்க வேண்டுமென்றால் கடைசிப் பெட்டியில் இடம் பிடிக்க வேண்டும். நான்கு சிலிண்டர்கள் உண்டு: இரண்டு சக்கரங்களுக்கு, இரண்டு பற்சக்கரங்களுக்கு. சமவெளியில் முதல் ஜோடி மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டிப் பல்லில் ஏறியதும் முதல் ஜோடி விட்ட ஆவி இரண்டாவது ஜோடிக்குப் போகும். சத்தத்தின் தாளம் அந்த இடத்தில் மாறுவதைக் காது கொடுத்தால் பிடித்துவிடலாம். ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவால் வண்டி அடிக்கடி ரத்தாகும் என்பதால் தைக்குப் பிறகு திட்டமிடுவது உத்தமம்.

மதுரையிலேயே, சொந்தக் கையால் நீராவியை அனுபவிக்க ஒரே வழி சிறு அளவு இன்ஜின் செய்வது. ஐந்து அங்குல கேஜில் செய்தால் மீட்டர் கேஜ் இன்ஜின் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும், ஒய்.பி.யின் 1,372 மி.மீ. ஓட்டுசக்கரம் 174 மி.மீ. ஆகும். இந்த அளவில் ஆள் உட்கார்ந்து போகும் பெட்டியை இழுக்கும். கே.புதூரிலும் கப்பலூரிலும் உள்ள லேத் பட்டறைகளில் முடியாத வேலை இதில் எதுவும் இல்லை. சிக்கல் பாய்லரில்தான். செப்புத் தகட்டில், வெள்ளிப் பற்றுவைத்துச் செய்வது வழக்கம். செம்பு சூட்டை ஓடவிடும் உலோகம் என்பதால் ஒரு பக்கம் காட்டும் சூடு மறுபக்கம் போய்விடும். ஒற்றை டார்ச்சில் செய்பவர்களுக்குப் பற்று ஒரு புறம் ஓடி மறுபுறம் உருண்டை உருண்டையாக நிற்கும். அது பிடித்ததுபோலத் தெரியும், பிடித்திருக்காது. இரண்டு டார்ச் வைத்து முழுப் பாய்லரையும் ஒன்றாகச் சிவக்கவைக்க வேண்டும். பல கட்டமாகப் பற்றுவைத்தால் அதிகச் சூட்டில் உருகும் பற்றை முதலிலும் குறைந்த சூட்டில் உருகுவதைக் கடைசியிலும் வைக்க வேண்டும். மாற்றினால் முதல் மூட்டு கழன்றுவிடும். குழாய் மாட்டும் புஷ்களுக்குப் பித்தளை கூடாது. பித்தளையிலுள்ள துத்தநாகம் கொதிநீரில் கரைந்து, பார்க்க முழுதாக இருக்கும் புஷ் உள்ளுக்குள் சல்லடையாகிவிடும். கன்மெட்டலோ வெண்கலமோதான் சரி.

கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைந்த கலன்கள் கொதிகலன் சட்டத்தின் வரையறைக்குள் வராது. இந்த அளவு இன்ஜின்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். சட்டம் கேட்கவில்லை என்பதால் சோதனை தேவையில்லை என்று ஆகிவிடாது. புதுப் பாய்லரை வேலை அழுத்தத்தின் இரு மடங்குக்குத் தண்ணீரில் சோதிக்க வேண்டும், கேஜ் முள் இறங்காமல் 20 நிமிடமாவது நிற்க வேண்டும். சேஃப்டி வால்வு இரண்டு, தண்ணீர் செலுத்த வழி இரண்டு. ஒன்று இன்ஜெக்டர் என்றால் மற்றொன்று கைப்பம்பாக இருக்கட்டும். ஏனென்றால் இன்ஜெக்டர் சித்திரை வெயிலில் அடம்பிடிக்கும். ஆவியைக் குளிர்ந்த தண்ணீர் சுருக்குவதில்தான் அது இயங்குகிறது. பக்கத்தொட்டித் தண்ணீர் 40 டிகிரியை நெருங்கினால் ஆவி சுருங்காமல், 'புஸ்' என்று கீழ்க்குழாயில் வெந்நீரைத் துப்பிவிட்டு நின்றுவிடும். பழுதென்று கழற்றிப் பார்ப்பவர்கள் உள்ளே ஒன்றும் காணமாட்டார்கள். ஈரச்சாக்கைத் தொட்டிமேல் போர்த்தினால் வேலை செய்யும். தொட்டி குளிர்ந்தும் அடம்பிடித்தால் உறிஞ்சுகுழாய் இணைப்பில் காற்றுக் கசிவைத் தேட வேண்டும். அடுத்த சந்தேகம் இன்ஜெக்டருக்குள் இருக்கும் கூம்புகளில் படிந்த உப்பு.

உப்பு என்றதும் தண்ணீர். நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரை எந்தப் பாய்லருக்கும் விடக் கூடாது. குக்கரின் அடியில் படியும் வெள்ளைப் படிவு குழாய்களின் மேலும் படியும். சூடு தண்ணீருக்குப் போகாமல் குழாயே வெந்து போகும். மொட்டைமாடியில் பிடித்து வடிகட்டிய மழைத்தண்ணீர் செலவில்லாதது, சிறந்ததும்கூட.

கடைசியாக, ரயில்வே கோட்ட நிர்வாகத்துக்குச் சில வேண்டுகோள்கள். பீட இன்ஜின்களுக்குப் பெயின்ட் அடிக்க விடும் ஒப்பந்தத்தில் ஸ்மோக் பாக்ஸ் சுத்தம், வடிகால் துளைகள், டெண்டர் குப்பை ஆகிய மூன்றையும் தனி இனங்களாகச் சேர்த்து, அவற்றை முடித்த படம் இல்லாமல் பில் பாஸ் செய்யக் கூடாது. ராடுகளைப் பெயின்டிலிருந்து விலக்க வேண்டும். எண் பதிவும் கிரீஸ் வேலையும் செய்ய ஐ.டி.ஐ. ஃபிட்டர் மாணவர்களையும் ஓய்வுபெற்ற லோகோ ஷெட் ஊழியர்களையும் மெக்கானிக்கல் பிரிவின் மேற்பார்வையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதிக்க வேண்டும். நீராவிக் காலத்தில் ஃபயர்மேனாக வேலை பார்த்தவர்களுக்கு வயதாகிவிட்டது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் எந்த இடத்தில் கரி போடுவார்கள், எங்கே தண்ணீர் ஏற்றுவார்கள், எந்த நிலையத்துத் தண்ணீரில் பாய்லர் நுரைத்தது என்று இடம் இடமாகக் கேட்டு ஒலிப்பதிவு செய்யும் வேலையையும் அதே மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். பொதுவாக 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். பாதையின் வரைபடத்தை முன்னால் விரித்து வைத்துக் கேட்டால் கிலோமீட்டர் கல்லோடு சொல்வார்கள். புரட்டாசிக்கு முன் அனுமதி கிடைத்தால் இந்த மழைக்கே மூடி போட்டுவிடலாம். தகட்டுச் செலவை ஆர்வலர்களே ஏற்கத் தயார்.

இப்படிக்கு,
நீராவி இன்ஜின் ஆர்வலர்கள்,
மதுரை.